வேலிக்குள் வந்த மருந்து

நான் தலைமையாசிரியராக இருந்த தோட்டப் பள்ளியில் ஒரு திங்கட்கிழமை பதினொரு பிள்ளைகள் வாந்தியெடுத்து விழுந்தார்கள். அதற்குக் காரணம் நான். பழியைச் சுமந்தவர் எங்கள் சிற்றுண்டிச்சாலையில் சமைத்துப் போட்ட ஒரு பெண்மணி. உண்மையைச் சொல்ல எனக்கு அன்றைக்கே வாய்ப்பிருந்தது. மறுநாளும் இருந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அவருடைய பெயரை இங்கே போடமாட்டேன். ஒருமுறை அந்தப் பெயரை நான் அலுவலகக் காகிதத்தில் எழுதியதே போதும். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள், பிள்ளைகளின் பெற்றோரும் அக்கா என்றார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். கைலியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருப்பார்.

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் கைகள்தான் வந்து நிற்கின்றன. பத்து விரல்களில் ஆறில் நகம் சரியாக இருக்காது. சில நகங்கள் மஞ்சளாகத் தடித்து உதிர்ந்துகொண்டிருக்கும். சில விரல்களில் நகமே இல்லாமல் தோல் மட்டும் மினுங்கும். பள்ளிக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடங்கள் அவர் தோட்டத்தில் மருந்தடித்தவர். ரப்பர் மரங்களுக்கிடையே மண்டும் களையையும் லாலாங் புல்லையும் கொல்வதற்குத் தெளிக்கும் நஞ்சுக்குத் தோட்டத்தில் மருந்து என்றுதான் பெயர். பெண்கள் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வெறுங்கையால் கலக்கி வெறுங்கையால் அடித்தார்கள். கையுறை கிடங்கில் இருப்பதாகச் சொல்வார்கள். யாரும் பார்த்ததில்லை.

“ஏங்க்கா, நகம் எங்க போச்சு?” என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள்.

“நான் கீரைய திங்கறேன்ல, தோட்டம் என் நகத்த திங்குது. கணக்கு சரியாப் போச்சு” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் பள்ளி செமோருக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் நடுவில் இருந்தது. எழுபதுகளின் நடுவில் நான் ஈப்போவிலிருந்து அங்கே மாற்றலாகிப் போனேன். பலகைச் சுவர், தகரக் கூரை, நான்கு வகுப்பறை. பின்னால் அரை ஏக்கர் வெற்றிடம். விடியுமுன் பெற்றோர் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போய்விடுவதால் பிள்ளைகள் பாலில்லாத கறுப்புக் காப்பியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு வருவார்கள். ஒன்பது மணிக்கு மேல் பாதிப் பேர் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். சோம்பேறிகள் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

உடம்புக்கு முடியவில்லை என்று மருந்தடிப்பிலிருந்து விலகி, யாரும் எடுத்து நடத்த வராத எங்கள் சிற்றுண்டிச்சாலைக்கு அவர் வந்தார். வந்த முதல் வாரத்திலேயே காலை அணிவகுப்பில் வரிசைக்குள் புகுந்து, ஒவ்வொரு பிள்ளையின் கீழிமையையும் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார்.

“என்னக்கா இது, நாட்டுப்பண் பாடப் போற நேரத்துல?” என்றேன்.

“கண்ணு வெளுத்துப் போயிருக்கு சார். எல்லாம் ரத்தம் இல்லாத புள்ளைங்க. இதுங்கள வச்சிக்கிட்டு என்னாத்த பாடுறது?”

அந்த அரை ஏக்கரை அவர் கேட்டார். கொடுத்தேன். எனக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. தண்டுக்கீரை, பசலை, வெண்டை, சர்க்கரைவள்ளி, வேலியோரம் முருங்கை என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஆறு பாத்திகள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் மண் கொத்தினார்கள். கோழி வளர்த்த வீடுகளிடம் முட்டை வாங்கினார், பதிலுக்குக் கீரை கொடுத்தார்.

அவருடைய வழக்கம் ஒன்று தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. இடைவேளையில் தட்டை நீட்டும் பிள்ளையிடம் தட்டிலிருக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டி, “எங்க மொளச்சது?” என்று கேட்பார். பிள்ளை அந்தத் திசையில் கையை நீட்ட வேண்டும். நீட்டாமல் சோறு கிடையாது. கீரை என்றால் பள்ளிக்குப் பின்புறம். முட்டை என்றால் மூன்றாவது லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. நெத்திலி என்றால் மேற்கே, பங்கோர் கடல் இருக்கும் பக்கம். அரிசி என்றால் பாரிட் புந்தார் பக்கம். அது எந்தத் திசை என்று என்னிடம்தான் வந்து கேட்டுவிட்டுப் போனார். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பையன் நெத்திலிக்குக் கையைக் கூரைக்கு நேராகத் தூக்கினான்.

“ஏன்டா, மீன் மானத்துல மேயுதா?”

“கையத் தூக்குனா சோறு போடுவீங்கன்னு அண்ணன் சொன்னாங்க அக்கா.”

“ஒங்கண்ணனுக்கு இன்னிக்கு வெறும் ரசம்.”

பருப்பு மட்டும் அவருக்குச் சங்கடம். “இது கப்பல்ல வருது. யாரு என்னாத்த போட்டு வளத்தாங்கன்னு எனக்கும் தெரியாது. அதான் கம்மியா போடுறேன்” என்பார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒன்பது வருடம் மண்ணில் என்ன ஊற்றப்படுகிறது என்று பார்த்த ஒருவர், இனித் தெரியாததை யாருக்கும் ஊட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அந்த முடிவுதான் அந்தக் கேள்வி. இது எனக்குப் புரிந்தபோது காலம் கடந்திருந்தது.

பள்ளி வாசலில் ஒரு சீனர் மோட்டார் சைக்கிளில் சாயத் தண்ணீரும் நொறுக்குத் தீனியும் விற்பார். சிவப்பு, பச்சை, ஊதா என்று பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அக்கா ஒரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தவ்கே, இது எங்க மொளச்சது?” என்றார்.

சீன வியாபாரிகளை அங்கே தவ்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத் தமிழில் தவ்கே நன்றாகவே பேசுவார். “எங்கயும் மொளக்கல அக்கா, ஃபேக்டரி லா.”

“அப்ப ஒரு பை நீ குடி.”

“எனக்கு இனிப்பு வியாதி லா. நான் இத தொடுறதே இல்ல.”

அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? விக்கிறவரே குடிக்க மாட்டாராம்.”

தவ்கேக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் அவரே தம்புன் பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து கீரை விதை கொண்டுவந்து கொடுத்தார். சாயத் தண்ணீரை நிறுத்தவில்லை, மற்றப் பள்ளிகளில் விற்றார். எங்கள் வாசலில் அவித்த கடலை விற்றார்.

வேலையை எடுத்துக்கொண்டபோது அவர் என்னிடம் இரண்டு வாக்கு வாங்கினார். முதலாவது, ஆசிரியர்களும் பிள்ளைகள் சாப்பிடுவதையே பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

“வேலிக்கு வெளிய தோட்டத்துத் தொரையோட இஷ்டம். வேலிக்கு உள்ள மருந்து டாங்கி வரக்கூடாது சார். புல்லு வளந்தா கத்தியால வெட்டிக்கலாம், நானே வெட்டுறேன். நீங்க சொல்லிட்டா நான் நம்பிடுவேன்.”

“வராதுக்கா. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

இரண்டு வருடங்களில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் குறைந்தார்கள். எடை பார்க்க வந்த தாதி தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் இதையெல்லாம் அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினேன். “தலைமையாசிரியரின் முயற்சியில் உருவான பள்ளித் தோட்டமும் சத்துணவுப் பாடமும்” என்று எழுதினேன். அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அறிக்கையைப் படித்த பள்ளி ஆய்வாளர் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா பள்ளியில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் முன்பே ஈப்போவுக்குப் போயிருந்தார். மழைக்காலம். மேற்கு வேலியோரம் லாலாங் இடுப்புயரம் நின்றது. உள்ளே தோட்டம் அழகாக இருக்க, வெளியே காடாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கிராணியாரிடம், அதாவது எழுத்தரிடம், புல் வெட்ட ஆள் கேட்டேன்.

“வெட்டுறதுன்னா மூணு நாள் ஆகும் சார். டாங்கி அனுப்புறேன், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

என் வாக்கு எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நினைவிருந்தும், “சரி, அனுப்புங்க” என்றேன். வந்தவர்கள் வேலிக்கு உள்ளே நின்றுதான் அடித்தார்கள், வெளியே வாய்க்கால், நிற்க இடமில்லை. “பாத்திப் பக்கம் போகாதீங்க” என்று சொல்லிவிட்டு நான் அலுவலக அறைக்குள் போய்விட்டேன். எந்த மருந்தைக் கலந்தார்கள் என்று கேட்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை அக்கா வந்தார். பேத்தி பிறந்திருந்த சந்தோஷம். கீரை பறிக்கப் போனவர் ஒரு பிடிக் கீரையோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், ஒரு வாடை அடிக்குது. பழகின வாடை. நான் இல்லாதப்ப இங்க யாரும் மருந்தடிச்சாங்களா?”

ஆய்வாளர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவருக்குக் காட்ட வேண்டியதே பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கீரையைத் தாங்களே சாப்பிடுவதுதான்.

“இங்க யாரும் அடிக்கல. பக்கத்துக் காட்டுல அடிச்சிருப்பாங்க.”

“நிச்சயமா சார்?”

“நிச்சயமாக்கா.”

அவர் போய்க் கீரையைப் பறித்தார். மூன்று தண்ணீர் கழுவினார் என்று பிறகு சொன்னார்கள்.

ஆய்வாளர் வந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று கீரைக்குப் பின்பக்கம் கை நீட்டினார்கள். அவர் மிகவும் ரசித்தார், குறிப்பேட்டில் எழுதினார், தேநீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் புறப்பட்டார். அக்கா என் தட்டையும் வைத்தார். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே நூறு முறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் தட்டை எடுக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு முதல் பிள்ளை வாந்தியெடுத்தது. முதலில் வரிசையில் நின்று நிறையப் போட்டுக்கொண்ட பிள்ளைகள்தான். மேற்கு வேலியை ஒட்டிய பாத்தியின் கீரையைச் சமைத்த சட்டியிலிருந்து அவர்களுக்குப் போயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வாயும் தொண்டையும் வெந்துபோய்த் தண்ணீர் இறங்கவில்லை. தோட்டத்து லாரியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மற்றவர்கள் இரண்டு நாளில் தேறினார்கள். அவள் மட்டும் இரண்டு வாரம் கிடந்தாள். பிழைத்தாள்.

அன்று மாலை கிராணியார் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“சார், நீங்க கேட்டீங்க, நான் அனுப்புனேன். தொரைக்குத் தெரிஞ்சா எனக்கும் வேல இல்ல, உங்களுக்கும் இல்ல. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டா கீரையோட போயிடும்.”

நான் மூடிக்கொண்டேன். மருந்தடித்தவர்கள் வேறு பிரிவிலிருந்து வந்த ஆட்கள், அவர்களுக்கு இந்தப் பேச்சே போய்ச் சேரவில்லை.

மறுநாள் பள்ளிக் கொட்டகையில் பெற்றோர் கூடினார்கள். கீரையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோர் கண்ணும் ஓர் இடத்துக்குப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்ணின் தாய் எழுந்தார். பால்மரம் வெட்டுகிறவர், அக்காவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்.

“ஒம்பது வருசம் மருந்துல ஊறுன கையி. நகம் வரைக்கும் வெந்து கெடக்கு. அந்த வெசம் எங்க போவும்? உள்ளதான இருக்கும். அந்தக் கையால எம்புள்ளைக்குச் சோறு போட வச்சிட்டீங்களே சார்.”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மருந்தடிக்கும் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, மாவு பிசையக் கூடாது என்ற பேச்சு லயங்களில் முன்பே உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

அக்கா தன் கைகளை முன்னால் நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. அப்படி இருக்குமா?”

இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் போதும். ஏன் இருக்காது என்று கேட்பார்கள், பின்னே வேறென்ன காரணம் என்று கேட்பார்கள், அதுதான் எனக்குப் பயம்.

“எனக்குத் தெரியலக்கா. டாக்டர்தான் சொல்லணும்” என்றேன்.

அவர் கைகளைச் சட்டைக்கையின் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த வாரமே, சமையலரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினேன். அதில்தான் அவருடைய பெயரை முதன்முறையாக எழுதினேன். பாத்திகளை ஆள் வைத்து உழுது புல் விதைத்தோம். ஆறு மாதத்தில் பள்ளியில் பாக்கெட் மீ நூடுல்ஸும் சாயத் தண்ணீரும் விற்க ஒரு குத்தகைக்காரர் வந்தார். அக்கா எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்று விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வோடு ஈப்போவுக்கு மாற்றல் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போ சந்தையில் ஒரு பெண், “சார், என்னைத் தெரியுதா?” என்று கேட்டாள். அக்காவின் மகள். பீடோரில் குடியிருப்பதாகச் சொன்னாள். கூட ஏழு வயதுப் பெண் குழந்தை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கொய்யாத் தோட்டத்துல வேலை செய்யறாங்க சார். நல்லாத்தான் இருக்காங்க. ஆனா சமைக்க மாட்டாங்க. அடுப்படிக்கே வர்றதில்ல. இவ பொறந்ததுலேர்ந்து ஒரு வாய் ஊட்டினது இல்ல சார். இவ கேட்டா, பாட்டி கை ஆகாத கைன்னு சொல்லிடுவாங்க.”

அந்தக் குழந்தை பிறந்த வாரத்தில்தான் நான் வேலிக்குள் டாங்கியை விட்டேன்.

அடுத்த ஞாயிறு பீடோருக்குப் போனேன். கொய்யா மரங்களுக்கிடையே அவர் நின்றிருந்தார். பூச்சி விழாமலிருக்கப் பிஞ்சுகளைத் தாளால் சுற்றிக் கட்டுகிற வேலை. இரண்டு கைகளிலும் ரப்பர் உறை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதைத் தாங்குவதுதான் மிகக் கடினமாக இருந்தது.

“வாங்க சார். வீட்டுல மக இருக்கா, தேத்தண்ணி போடச் சொல்றேன்.”

நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். கிராணியார், டாங்கி, வெள்ளிக்கிழமை, எல்லாம். கேட்டுக்கொண்டே அவர் ஒரு பிஞ்சைச் சுற்றி முடித்தார்.

“எந்தப் பக்கம் நின்னு அடிச்சாங்க?”

“மேற்கு வேலி. உள்பக்கம்.”

“காத்து பாத்தி மேல வந்திருக்கும்.”

“ஆமாக்கா.”

“நான் உங்கள கேட்டேன். கீரைய கையில வச்சிக்கிட்டு நின்னு கேட்டேன்.”

“கேட்டீங்க.”

அவர் இன்னொரு தாளை எடுத்து மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

“அன்னிக்கு நீங்க சாப்ட்டீங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“இல்ல.”

தாள் அவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. 

“நாந்தான்னு நெனச்சேன் சார். ஏழு வருசம். அன்னிக்கு அடிச்ச வாடையும் என் கைதான்னு.”

“அக்கா, என்னை மன்னிச்சு…”

“அது வேணாம். அத வச்சி நான் என்ன செய்ய? வெசக்கையின்னு சொன்னது அந்தப் புள்ளயோட ஆத்தா. ஊரே நம்புச்சி, நானும் நம்புனேன். நீங்க சொல்லி எனக்கு அது போவாது. அவகிட்ட போய் சொல்லுங்க. அவ வரணும்.”

ஈப்போ திரும்பியதும் கல்வி அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினேன். என் அறிக்கை பொய் என்றும், அந்தப் பெயரை நீக்க வேண்டும் என்றும், என்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் எழுதினேன். பல வாரம் கழித்து, அந்தக் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

தாயைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றுவிட்டார்கள், லயத்துக்காரர்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். அவர் ஈப்போவிலேயே, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தார். தொழிற்சாலை வேலை. வாசலில் நின்று சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

“வாத்தியாருன்னு நாங்க கும்புட்டோம். எம்புள்ள செத்திருந்தா?”

“ஆமா.”

“என்ன ஆமா? அவ வயித்துல அடிச்சிட்டேனே, கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவள. என் வாயால சொல்ல வச்சிட்டீங்களே.”

கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். தட்டவேண்டியிருக்கவில்லை. படிக்கட்டின் கீழே தாயும் மகளும் வெளியே கிளம்பும் உடையில் நின்றிருந்தார்கள். மகளுக்கு இப்போது பதினாறு வயது. தாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“வண்டி இருக்குல்ல? எங்கள அங்க கொண்டு விடுங்க.”

கோப்பேங், காம்பார், தாப்பா வழியாகப் பழைய சாலையில் போனோம். தாய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காம்பார் தாண்டி மழை பிடித்தது. கண்ணாடியை ஏற்றச் சொல்ல நான் திரும்பியபோது அந்தப் பெண், “எனக்கு அன்னிக்கு சாப்ட்டது நெனவில்ல சார். ஆஸ்பத்திரி ஜன்னல் மட்டும்தான் நெனவிருக்கு. அதுல ஒரு கம்பி ஒடஞ்சி இருக்கும்” என்றாள். பிறகு அவளும் வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அக்கா வேலை முடிந்து வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கைகளில் உறை இருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். இரண்டு பெண்களும் நடுவில் நாலடி இடம் விட்டு நின்றார்கள். தாய் வழியெல்லாம் ஏதோ சொல்லத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லவில்லை. மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“அக்கா, எம்புள்ளைக்குப் பசிக்குது. சோறு போடு.”

அக்கா அசையவில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மகள் எட்டிப் பார்த்து, நான் போடுறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். தாய் தலையை ஆட்டித் தடுத்தார்.  பிறகு அக்கா உள்ளே போனார். மூவரும் பின்னாலேயே போனார்கள்.

நான் வண்டியோடு வெளியே நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கத்தி பலகையில் தட்டும் சத்தம், எண்ணெய் காயும் சத்தம். இடையே யாரோ ஒருவர் அழுதார்கள், யார் என்று தெரியவில்லை. பேத்தியின் குரல் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டது. மழை விட்டு வெயில் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா வாசலுக்கு வந்தார். ஈரக் கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. அன்பும் இல்லை.

“சார், நீங்க கெளம்புங்க. இவங்கள நான் பஸ்ஸுல ஏத்தி விட்டுடறேன்” என்றார். “நாங்க சாப்பிடப் போறோம்.”

நான் வண்டியை எடுத்தேன்.